செருப்புத் தக்கை

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றைக்கும் நான்தான் செதில் உரசினேன்.

இந்த டைரி பேட்டரி கம்பெனிக்காரன் கடைக்குக் கொடுத்துவிட்டுப் போனது. சும்மா கிடந்தது. மகள் சிவகாமிதான் சொன்னாள்: "எப்பா, நீ வெறுங்கையோட வார நாளையெல்லாம் இதுல எழுதி வையி. வருசம் முடியறதுக்குள்ள நெறஞ்சிரும்." பி.காம். படிக்கிறாள். அப்பனைக் கேலி செய்வதற்குத் தனியாக ஒரு பட்டம் கொடுத்தால் அதில் தங்க மெடல் வாங்குவாள்.

எழுதுகிறேன் என்றால் முறையாக எழுத வேண்டும். நான் தளவாய்சாமி, பத்தாம் வகுப்பு, அம்பாசமுத்திரத்தில் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை. தளவாய் என்றால் படைத்தலைவன். தாமிரபரணியில் ஒரு ஜிலேபிக் கெண்டை கூட எனக்குப் பயப்பட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மூன்று பேர் பாலத்துக்குக் கீழே தூண்டில் போடுவோம். நான், பேக்கரி வைத்திருக்கும் பீர்முகமது, மில்லில் ஃபிட்டராக இருந்து ரிடையரான கோமதிநாயகம் அண்ணாச்சி. வெயில் முதுகில் ஏறியதும் எழுந்துவிடுவோம். அவரவர் மீனில் பெரியதைப் பாறையில் வைத்து அண்ணாச்சி சாண் போட்டு அளப்பார். யாருடைய மீன் சின்னதோ, யாருக்கு மீனே இல்லையோ, அவன் மூன்று வீட்டு மீனையும் ஆற்றிலேயே செதில் உரசி, குடல் எடுத்துக் கொடுக்க வேண்டும். இந்தச் சட்டத்தை வைத்தது யார் என்று ஞாபகம் இல்லை. அதை ஒழுங்காகக் கடைப்பிடிப்பவன் நான் ஒருவன்தான்.

"உம்ம கை செதில் உரசுதுக்குன்னே பொறந்த கைவே" என்றார் அண்ணாச்சி.

வீட்டு வாசலில் சிவகாமி: "எப்பா, சட்டியக் கழுவவா, வேண்டாமா?"

பிப்ரவரி 16, ஞாயிறு

ஜெயித்துவிட்டேன். மறுபடியும் எழுதுகிறேன், ஜெயித்துவிட்டேன்.

ஒரு சாணும் மூன்று விரலும் உள்ள கெண்டை. பீருக்கு ஒரு சாண். அண்ணாச்சிக்கு ஒன்றுமே இல்லை. மயிலிறகுத் தண்டில் அவர் சீவி வைத்திருக்கும் மிதவைத் தக்கை லேசாகச் சாய்ந்தாலே தூண்டிலை வெட்டி இழுக்கிறவர், இன்றைக்கு அது ரெண்டு தடவை முழுசாக முங்கிய பிறகும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பெரிய மீனுக்காகக் காத்திருக்கிறாராக்கும் என்று நினைத்தேன். புலி பதுங்குவது மாதிரி.

"என்ன அண்ணாச்சி, ஒண்ணும் கடிக்கலையா?"

"தண்ணி கலங்கலா கெடக்குல்லா."

என் கால்விரல் நகம் வரைக்கும் தண்ணீரில் தெரிந்தது. தோற்றவர் சொல்வதை நோண்டக் கூடாது. நான் சொல்லாத சாக்கா.

செதில் உரசும்போது கட்டைவிரலை வெட்டிக்கொண்டார். பழக்கம் இல்லை, பாவம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

கடையில் நாலு மிக்சி, ஒரு டேபிள் ஃபேன். வந்த நாலு பேரிடமும் மீன் கதையைச் சொன்னேன். ஐந்தாவது ஆள் கரண்ட் பில் எடுக்க வந்தவர். அவரிடமும் சொன்னேன்.

ராத்திரி சாப்பிடும்போது என் மனைவி செண்பகம் சொன்னாள்: "ஞாயித்துக்கெழம ஒரு சாணும் மூணு விரலும். இப்ப ஒண்ணரை சாண் ஆயிட்டு. வெள்ளிக்கெழமைக்குள்ள வீட்டுக்குள்ள கொள்ளாது."

பிப்ரவரி 23, ஞாயிறு

இரண்டாம் வெற்றி.

அண்ணாச்சி மயிலிறகுத் தக்கைக்குச் சிவப்பு நெயில் பாலிஷ் பூசிக்கொண்டு வந்திருந்தார். "மதினிக்கிட்ட களவாண்டீங்களா?" என்று கேட்டேன். சிரித்தார். நடுவில் என்னைப் பார்த்து, "ஏம்வே, என் தக்கை எந்தப் பக்கம் கெடக்கு, சொல்லும் பாப்பம்" என்றார். என் கவனத்தைத் திருப்பப் பார்க்கிறார். பழைய தந்திரம். நான் என் தக்கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பீர் ஃபிளாஸ்கில் டீ கொண்டு வந்திருந்தான். அண்ணாச்சி ஊற்றினார். பாதி டம்ளருக்கு வெளியே போயிற்று. பீர் டம்ளரை நகர்த்தி அவர் கைக்குக் கீழே வைத்தான். தோல்வியில் மனுஷனுக்குக் கை எப்படித் தடுமாறுகிறது. எனக்குத் தெரியும், இருபது வருஷ அனுபவம்.

பிப்ரவரி 26, புதன்

ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். அண்ணாச்சி தனியாக ஆற்றுக்குப் போய்ப் பயிற்சி எடுக்கிறார். பாலத்து மேலே ஸ்கூட்டரில் போகும்போது பார்த்தேன். அவருடைய புதுத் தக்கை நீல ரப்பர் செருப்பில் வெட்டியது, எலுமிச்சம்பழம் அளவு. அதைத் தெப்பத் திருவிழாவுக்கே விடலாம்.

முதலில் சிரித்தேன். பிறகு யோசித்தேன். நாயகம் அண்ணாச்சி காரணம் இல்லாமல் ஒன்றைச் செய்ய மாட்டார். பெரிய தக்கை அலையில் அசையும். அந்த அசைவில் இரை உயிருள்ள புழு மாதிரி துள்ளும். பெரிய மீன் ஏமாறும். இதுதான் தொழில்நுட்பம்.

நானும் ஒன்று வெட்டிவிட்டேன். பச்சை நிறம்.

பிப்ரவரி 27, வியாழன்

சிவகாமி பாத்ரூம் வாசலில் நின்றபடி: "எப்பா, எஞ் செருப்புல ஒண்ணு எங்க? இன்னொண்ணுல குதிங்கால் எங்க?"

புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

மூன்றாம் வெற்றி. பச்சைச் செருப்பில் ஒரு ஜிலேபி விழுந்தது. பீர் என் தக்கையைப் பார்த்தான், அண்ணாச்சியின் தக்கையைப் பார்த்தான். "இன்னைக்கு ஆத்துல செருப்புக் கடை போட்டிருக்கு" என்றான். அதற்கு மேல் அவன் சிரிக்கவில்லை.

அண்ணாச்சிக்கு ஒரு சின்ன கெண்டை. அளக்கும்போது மீனைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டே விரலால் வாயிலிருந்து வால் வரை தடவினார். "முக்கால் சாண். உம்மது ஒண்ணு." சரியாக இருந்தது. நான் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன்.

திரும்பும்போது ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். அவர் சீட்டில் கை வைத்தபடியே மேட்டில் ஏறி வந்தார். "மூட்டு வலி" என்றார்.

மத்தியானம் மீன் பொரித்தார்கள். நான் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டேன், டீ சிந்தியது, நெயில் பாலிஷ், செருப்பு, மூட்டு வலி. சிவகாமி முள்ளை எடுத்துத் தட்டு ஓரம் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"எப்பா, நாயகம் மாமாவுக்குக் கண்ணு தெரியலன்னு நெனைக்கேன்."

மார்ச் 3, திங்கள்

சின்னப் பிள்ளை. அவளுக்கு என்ன தெரியும்.

மார்ச் 5, புதன்

சாயங்காலம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் நன்றாகவே இருந்தது. கேட் பக்கம் நின்று, பேசாமல் அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் என்னை நேராகப் பார்த்தார்.

"சிலிண்டரா? உள்ள கொண்டு வச்சிரு, தம்பி" என்றார்.

நான் என்ன செய்வது. "சிலிண்டர் இல்ல அண்ணாச்சி, ரெகுலேட்டர்தான் வந்திருக்கு" என்றேன்.

என் குரலைக் கேட்டதும் அவர் முகம் மாறியதை எழுத எனக்குத் தெரியவில்லை. உள்ளே மதினி ஏதோ தாளித்தார்கள், கடுகு வெடித்து முடிந்தது.

"எப்பலேருந்து?"

"தீவாளிக்கு முந்தியே பொகை மாதிரி இருந்துச்சு. இப்ப பால் ஊத்தின மாதிரி இருக்கு."

"டாக்டருட்ட போலாம்லா."

"எங்க அண்ணன் போனான். அந்தக் காலத்துல ஏதோ கேம்ப்புல அறுத்தாங்க. பாதி தெரிஞ்சது, முழுசாப் போச்சு. சாவுற வரைக்கும் வானொலிப் பொட்டிக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தான்." கொஞ்சம் நிறுத்தி, "எம் பயலுக்குத் தெரிஞ்சுதுன்னா திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிருவான். அங்க ரெண்டாவது மாடி. மீனு ஃபிரிட்ஜுலதான் கெடக்கும். நான் அங்க என்னத்தவே செய்ய? உம்ம பொண்டாட்டிட்டகூட மூச்சு விட்டுராதீரும்."

"எனக்கே எம் மகதான் சொன்னா அண்ணாச்சி."

"அந்தப் பிள்ளைக்கு உம்ம மூளை வரலைல்லா, அதான்."

மார்ச் 6, வியாழன்

மூன்று வெற்றி. மூன்றும் கண் தெரியாத மனுஷனோடு. அதிலும் ஒன்று கால் சாண் வித்தியாசத்தில்.

ஒரு மிக்சிக்கு ரெண்டு தடவை தப்பாக வயர் கொடுத்துவிட்டேன். ஜாரைப் போடாமலே மேலே பறக்கப் பார்த்தது.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணாச்சி வரவில்லை. சளியாம்.

பீரும் நானும் மட்டும். அவன் பன்னைப் பிய்த்து உருட்டி முள்ளில் குத்தினான். நான் கேட்டேன், "உமக்குத் தெரியுமா?"

"பொங்கலுக்கே தெரியும். முள்ளுல புழு கோக்க முடியாம வெரல்ல குத்திக்கிட்டாரு. அதுலேருந்து நான்தான் கோத்துக் குடுக்கேன்."

"எங்கிட்ட ஏம்வே சொல்லல?"

"அவரு சொல்லக் கூடாதுன்னாரு. அப்புறம் நீரு ஜெயிக்க ஆரம்பிச்சீரு. தெருத்தெருவா சொல்லிட்டுத் திரிஞ்சீரு. அதையும் ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

நிறைய மீன் கடித்தது. எனக்கு ரெண்டு கிடைத்தது, அவனுக்கு மூன்று. அளக்க யாருக்கும் தோன்றவில்லை. அவரவர் மீனை அவரவர் சுத்தம் செய்துகொண்டு வந்தோம்.

மார்ச் 11, செவ்வாய்

கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

"அண்ணாச்சி, வார ஞாயித்துக்கெழம தக்கையே வேண்டாம். ராடும் வேண்டாம். வெறும் நைலான் நரம்பு. வெரல்ல சுத்திக்கிட்டு உக்காருவம், கடிச்சா வெரலுக்குத் தெரியும்லா. பந்தயம் உங்களுக்கும் எனக்கும். நான் ஜெயிச்சா நீங்க எங்கூட திருநவேலி கண்ணாஸ்பத்திரிக்கு வரணும்."

"நான் ஜெயிச்சா?"

"நான் வாயே தொறக்க மாட்டேன். ஞாயித்துக்கெழம உங்க பக்கத்துல உக்காந்து, உங்க தக்கைய நான் பாத்துச் சொல்லுதேன். சாவுற வரைக்கும்."

அவர் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"வெரலாலயா? எங்கிட்டயா? ஏவே, மீனு முள்ளுக்குப் பக்கத்துல வந்து மூச்சு விட்டாலே எனக்குத் தெரியும்வே."

"அப்ப எதுக்குப் பயப்படுதிய?"

கையை நீட்டினார். காற்றில் ஒரு தடவை தவறி, பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உள்ளேயிருந்து மதினி எட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு முறுக்கு கூடுதலாக வைத்தார்கள்.

மார்ச் 13, வியாழன்

பயிற்சி. கண்ணை மூடிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்து நைலான் நரம்பை விரலில் சுற்றிக்கொண்டேன். அடுப்படியிலிருந்து சிவகாமி மீன் மாதிரி இழுக்க வேண்டும். இழுக்கும்போதெல்லாம் நான் சொல்ல வேண்டும்.

பாதி நேரம் அவள் இழுக்காதபோது "கடிச்சிட்டு" என்றேன். இழுத்தபோது தூங்கிவிட்டேன்.

"எப்பா, நீ ஜெயிச்சாத்தான் மாமா வருவாரா?"

"ஆமாட்டி."

"அப்ப மாமாவுக்கு வேற ஆளுதான் பாக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நரம்பை மறுபடி என் விரலில் சுற்றிவிட்டாள்.

தூக்கம் வரவில்லை. நான் எதிலும் பெரிதாக ஜெயித்த ஆள் இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இருந்ததில்லை. தோற்பதற்கும் ஒரு ஆள் வேண்டும், இல்லாவிட்டால் ஜெயிப்பவன் எப்படி ஜெயிப்பான். ஆனால் இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

பீர் நடுவர். "இன்னைக்கு நான் தூண்டில் போடல, பன்னு மட்டும்தான்" என்று மேல்பாறையில் உட்கார்ந்துகொண்டான்.

அண்ணாச்சி நரம்பை ஆள்காட்டி விரலில் ரெண்டு சுற்றுச் சுற்றி, கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த ரெண்டு மாசமாகத் தக்கையைத் தேடித் தேடிச் சுருங்கிப்போயிருந்த நெற்றி விரிந்துவிட்டது. பழைய ஃபிட்டர் நாயகம். மெஷின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போயிற்று என்று சொல்வாராம் மில்லில்.

முதல் மீன் அவருக்கு. இரண்டாவதும் அவருக்கு. மூன்றாவது வரும்போது நான் பதற்றத்தில் என் நரம்பைப் பாறை இடுக்கில் சிக்க வைத்துவிட்டேன். அதை எடுக்கத் தண்ணீரில் இறங்கி, லுங்கி நனைந்து, மேலே ஏறும்போது விரலில் ஏதோ இடித்தது. பாறைதான் என்று நினைத்தேன். பாறை இழுத்துக்கொண்டு ஓடியது. ஒரு ஜிலேபி. திறமை என்று எழுத எனக்கும் ஆசைதான்.

வெயில் ஏறிவிட்டது. "போதும்" என்றான் பீர்.

அண்ணாச்சி தன் மீனில் பெரியதை முள்ளிலிருந்து கழற்றிய கையோடு பாறையில் வைத்தார். கெண்டை. ஒன்றரை சாண் இருக்கும். என்னுடையது பக்கத்தில் அதன் பேரப்பிள்ளை மாதிரி கிடந்தது.

வழக்கமாக அவர்தான் அளப்பார். இன்றைக்குச் சொன்னார்: "பந்தயக்காரன் நானே அளந்தா நாயமில்ல. நீரே அளந்து சொல்லும்."

நானும் பந்தயக்காரன்தானே என்று யாரும் கேட்கவில்லை. பீர் அக்கரையில் துவைக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் மீனுக்குச் சாண் போட்டேன். விரல்களை எவ்வளவு விரிக்க முடியுமோ அவ்வளவு விரித்தேன். "ஒண்ணே கால்" என்றேன். பிறகு என் மீனுக்குப் போட்டேன். என் விரல்கள் குளிரில் சுருங்கின மாதிரி சுருங்கிக்கொண்டன. "ஒண்ணே கால். ரெண்டு விரல் கூட."

பீர் இருமினான். ரொம்ப நேரம் இருமினான்.

"அப்படியா" என்றார் அண்ணாச்சி. "குடும், பாப்பம்."

என் மீனைக் கையில் வாங்கினார். வாயிலிருந்து வால் வரைக்கும் மெதுவாகத் தடவினார். எனக்கு ஆற்றுச் சத்தமே கேட்கவில்லை.

"நல்ல மீனு" என்று திருப்பிக் கொடுத்தார். "ஜெயிச்சிட்டீரு. என்னைக்குப் போகணும்?"

"வியாழக்கெழம."

"சரி. பீரு, அந்தக் கத்திய எடும். தோத்தவன் நான்லா."

தடவித் தடவிச் செதில் உரசினார். நான் கேட்டும் கத்தியைத் தரவில்லை.

என் கள்ள அளவு அவருக்குத் தெரியவில்லை. கண் தெரியாதது இந்த ஒரு தடவை நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். நினைத்த உடனே, என்ன மனுஷன் நான் என்று இருந்தது.

மார்ச் 17, திங்கள்

யாரிடமும் மீன் கதை சொல்லவில்லை. கரண்ட் பில்காரரே கேட்டார். "நேத்து கடிக்கல" என்றேன்.

மார்ச் 20, வியாழன்

முதல் பஸ்ஸில் திருநெல்வேலி. அண்ணாச்சி, மதினி, நான். மதினிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மூன்று மாசமாக அவர் சட்டை எடுக்கும்போது பித்தான் மாறாமல் இருக்க மேல் பித்தானைப் போட்டே மாட்டி வைக்கிறார்களாம். அவருக்குத் தெரியாமல் அவர்களும், அவர்களுக்குத் தெரியாமல் அவரும்.

டாக்டர் சின்னப் பெண். எங்கள் சிவகாமியைவிட ஐந்தாறு வயது கூட இருக்கலாம். லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "புரை நல்லா முத்தியிருக்கு தாத்தா. ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?" என்றது. பின்னால் நரம்பு நன்றாக இருக்கிறதாம். எடுத்துவிட்டு லென்ஸ் வைத்தால் தெரியுமாம். முதலில் ஒரு கண், பிறகு மற்றது. அண்ணாச்சி தன் அண்ணன் கதையைச் சொன்னார். அந்தப் பெண் அவசரப்படாமல் முழுசாகக் கேட்டது. "பயமா இருக்கா தாத்தா?" என்றது.

"ஆமாம்மா" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

பிறகு கண்ணில் சொட்டு மருந்து விட்டு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மதினி சீட்டு வாங்கப் போயிருந்தார்கள். அண்ணாச்சி கண்ணை மூடியபடியே என் முழங்காலைத் தேடி, தட்டினார்.

"என் மீனு ஒண்ணரை சாண்வே."

சட்டைப் பையில் இருந்த பஸ் டிக்கெட்டை எடுத்து மடித்தேன்.

"முள்ளுலேருந்து கழத்தும்போதே பாத்துட்டேன். உம்மது ஒரு சாண். ஒரு விரல் வேணும்னா கூட வச்சுக்கிடும்."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

அவர் கண்ணிலிருந்து மருந்து வழிந்தது. மருந்தாகத்தான் இருக்கும்.

"நான் ஜெயிச்சிருந்தா எப்படிவே வாரது?" என்றார்.

பக்கத்தில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. மைக்கில் யாரையோ கூப்பிட்டார்கள். எங்களை இல்லை.

"அப்ப நான் இன்னும் உங்கள ஜெயிக்கல" என்றேன்.

"அந்த மூணு வாரத்தையும் சேக்க முடியாதுல்லா" என்றார். கையை மட்டும் எடுக்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

ஆபரேஷன் முடிந்தது. இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே இருந்த எனக்குத்தான் நர்ஸ் தண்ணீர் கொடுத்தாள். அவர் உள்ளே டாக்டரிடம் கெண்டைக்கு என்ன இரை வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மகனுக்கு மதினி போன் செய்து சொல்லிவிட்டார்கள். ராத்திரி பஸ்ஸில் கிளம்புகிறானாம். திருப்பூர் பேச்சு எழுந்தால் என்ன சொல்வது என்று அண்ணாச்சி படுத்துக்கொண்டே எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் ரெண்டு தடவை ஒப்பித்தேன். தப்பாக ஒப்பித்தேனாம்.

சிவகாமி போன் செய்தாள். "எப்பா, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள். மாமாவைப் பற்றி அப்புறம்தான் கேட்டாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நாளைக் காலையில் கட்டைப் பிரிக்கிறார்கள். மதினியைத்தான் எதிரே நிற்கச் சொன்னேன். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "நாப்பது வருசமா என் மூஞ்சியத்தான பாக்காவ. நீங்க நில்லுங்க கொழுந்தனாரே."

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு சலூன் திறந்திருந்தது. போய் உட்கார்ந்தேன். சவரம் செய்யச் சொன்னேன். மீசையையும் ஒதுக்கச் சொன்னேன்.

"வீட்ல விசேஷமா அண்ணாச்சி?" என்றான் கடைக்காரன்.

"ஆமாப்பா" என்றேன். "காலைல ஒருத்தர் என்னையப் பாக்க வாராரு."